மூன்று அட்டைப் பெட்டிகளும் என் அரிசியும்

எங்கள் வீட்டு மாடியில் மூன்று பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துத் திருச்சிக் கல்லூரிக்குப் போகிறவர்கள். நான் அஞ்சாம் கிளாஸோடு நின்றவள். மோட்டார் போடுவதைப் பற்றித் தவிர அவர்களிடம் வாய் திறக்கக் கூச்சம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் கீழே இறங்கி வந்தார்கள்.

"அம்மா, கொஞ்சம் அரிசி வேணும். சமைக்க இல்ல, கணக்குக்கு. அப்படியே திருப்பித் தந்துடுவோம்."

மறுநாள் வகுப்பில் காட்ட வேண்டிய குரூப் பிராஜெக்ட்டாம். முப்பது சென்டிமீட்டர் சதுர அட்டையில் நாலு மூலையிலும் சின்னச் சதுரம் வெட்டியெடுத்து, பக்கங்களை மடித்தால் பெட்டி. எவ்வளவு வெட்டினால் பெட்டி அதிகம் கொள்ளும் என்பதுதான் கேள்வி. கண்ணாடி போட்ட பெண் கால்குலஸில் போட்டுப் பார்த்து அஞ்சு சென்டிமீட்டர் என்று சொல்லியிருந்தாள். மூன்று, அஞ்சு, ஏழு என்று வெட்டி மூன்று பெட்டிகள் செய்திருந்தார்கள்.

"நீங்களே கொட்டுங்கம்மா. நாங்க எண்ணுறோம்."

பரீட்சை எழுதுகிற மாதிரி எனக்குப் படபடப்பு. டம்ளர் டம்ளராகக் கொட்டினேன். மூன்று வெட்டிய தட்டைப் பெட்டி பதினஞ்சு டம்ளர் வாங்கிக்கொண்டது. அஞ்சு வெட்டியது பதினாலுதான். ஏழு வெட்டியது பதினொண்ணு.

"என்னடி, உன் கணக்கு அரிசிக்குத் தெரியலையா?" என்று குட்டையானவள் சிரித்தாள்.

"நாளைக்கு சார்கிட்ட நீயே நின்னு வாங்கிக்கட்டிக்கோ" என்றாள் இன்னொருத்தி.

கண்ணாடிப் பெண் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் அஞ்சு. கண் கலங்கிவிட்டது.

நான் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றின் மேலும் அரிசி மலைக்கோட்டை மாதிரி நின்றது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அரிசியைத் தலை வழித்து அளந்ததில்லை. வழித்தால் வீட்டுக்கு ஆகாது என்று பழகிய கை. வாய் அகலமான பெட்டியில் குவியலும் பெரிசாகத்தானே நிற்கும்?

புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னேன்: "தப்பு கணக்குல இல்லம்மா. என் கையில. நான் குவிச்சுட்டேன்."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். கண்ணாடிப் பெண் சட்டென்று ஸ்கேலை எடுத்து விளிம்போடு வழித்தாள். கீழே விரித்திருந்த பேப்பரில் அரிசி சரசரவென்று கொட்டியது. பெட்டியில் தங்கியதை மட்டும் அளந்தோம். தட்டைப் பெட்டியில் எட்டரை. அஞ்சு வெட்டியதில் சரியாகப் பத்து. ஏழு வெட்டியதில் ஒன்பதுக்குக் கொஞ்சம் கம்மி.

"அரிசிக்குத் தெரியுதுடி" என்றாள் கண்ணாடிப் பெண் குட்டையானவளிடம், என் கையைப் பிடித்துக்கொண்டு.

அந்தச் சந்தோஷத்தில் எனக்கே தைரியம் வந்துவிட்டது. "அப்ப குவிச்சே அளக்கறவங்க எவ்வளவு வெட்டணும்?" என்று கேட்டேன்.

கண்ணாடிப் பெண் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். "அது வேற கணக்கும்மா. குவியலையும் சேர்க்கணும்." காய்ச்ச எடுத்துவைத்த பாலை மறந்து பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் வரை விடை வரவில்லை.

பிராஜெக்ட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கேள்வியை எழுதினாள். என் பேரைப் போடட்டுமா என்றாள். ஐயோ, வேண்டாம் என்றேன். 'கேட்டவர்: கீழ் வீட்டு அம்மா' என்று போட்டுவிட்டாள். நோட்டை மூடுமுன் ஒரு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தேன். மூடிய பிறகு, இன்னொரு தடவை காட்டச் சொன்னேன்.