சுவைனாவின் வண்டிக்கு மூன்று விரல் உயரம்

பிதியா ஊருக்குத் தெற்கே பாலைவன மணலில் எங்கள் கூடாரங்கள் இருக்கும் பக்கம், தண்ணீர் தீர்ந்தாலும் பிரசவ வலி எடுத்தாலும் முதலில் ஆள் அனுப்புவது சுவைனாவுக்குத்தான். அவளிடம் ஒரு பழைய பிக்கப் இருந்தது. பின்னால் தண்ணீர்த் தொட்டி, இல்லையென்றால் ஆடுகள், இல்லையென்றால் யாராவது நோயாளி. மணல்மேடுகளில் அவளைப் போல ஓட்ட ஆண்களிலும் நாலைந்து பேரே தேறுவார்கள். பக்கத்துக் கூடாரத்துக்காரி என்பதால் முன்சீட்டில் அவளோடு நான் போகாத இடமில்லை.

அவள் புருஷன் கடற்கரைப் பக்கம் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு போனவன், திரும்பவில்லை. பிள்ளைகள் இல்லை. தம்பி கல்ஃபான்தான் இருந்தான். தாய் இறந்தபோது அவன் தவழ்கிற குழந்தை, இவள்தான் வளர்த்தாள். படித்தான், இப்ரா நகரத்தில் வேலை கிடைத்தது, வீடு கட்டினான். வண்டி வாங்கிய காலத்தில் சுவைனாவுக்கு லைசென்ஸ் இல்லை. அதனால் கல்ஃபான் பெயரில் பதிந்தார்கள். பிறகு அவள் லைசென்ஸ் எடுத்தாள். பெயரை மாற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தம்பி பெயர்தானே.

அந்த வருஷம் வண்டி மிகவும் தளர்ந்துபோயிருந்தது. ஒவ்வொரு மேட்டிலும் மூக்கு மணலில் போய்க் குத்தும். தொட்டி நிறைந்தால் பின்பக்கம் ஒட்டகம் உட்காருவதுபோல உட்கார்ந்துகொள்ளும். குலுக்கல் தாங்கும் ஷாக்குகளிலிருந்து எண்ணெய் ஒழுகி, அதில் மணல் அப்பிக் கிடந்தது. கல்ஃபான் வந்தபோது குனிந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்றான். கொஞ்சம் உயர்த்தியும் விடலாமாம். இத்தனை நாள் வண்டியை ஏறிட்டுப் பார்க்காத தம்பிக்கு அக்கறை வந்ததே என்று சுவைனா பூரித்துப்போனாள். அந்தச் செலவுக்கு ஒரு பெண் ஒட்டகத்தை விற்றாள்.

நோன்புப் பெருநாள் முடிந்து அவர்கள் இருவரும் நானுமாக இப்ராவின் பட்டறைத் தெருவுக்குப் போனோம். உதிரிபாகக் கடைக்காரர் ஒரு பட்டாணியர். சுவைனா மேசைமேல் ஷாக்குகளை வரிசையாகப் படுக்க வைக்கச் சொல்லி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். வெறும் எண்ணெய் நிரப்பியது மலிவு. ஆனால் கோடை மதியத்தில் மணலில் விடாமல் ஓட்டினால் அது சூடேறித் துவண்டுவிடும், அதை ஏற்கெனவே பட்டுப் பார்த்துவிட்டேன் என்றாள். வாயு அடைத்த தடித்த ரகத்தை எடுத்துக்கொண்டாள். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கில் எப்போதும் பாரம் ஏற்றுகிறவர்களுக்கான விறைப்பான ரகத்தைக் கடைக்காரர் காட்டினார். வேண்டாம் என்றாள். திரும்பி வரும்போது தொட்டி காலியாக இருக்கும், அப்போது வண்டி தூக்கிப்போடும், கர்ப்பிணி யாராவது உட்கார்ந்திருந்தால் என்ன ஆவது? நடுத்தரமானது போதும்.

கல்ஃபான் போனில் பேச அடிக்கடி வெளியே போனான். ஒருமுறை திரும்பி வந்து, உயர்த்துவதுதான் உயர்த்துகிறோம், ஆறு விரல் உயர்த்தலாம் என்றான். சுவைனா சிரித்தாள்.

"ஆறு விரல் தூக்கினா மேட்டுச் சரிவுல தொட்டியோட நானும் உருள வேண்டியதுதான். மூணு விரல் போதும்டா. அதுக்கு மேல போனா பிரேக் குழாய் எட்டாது, என்ஜின்லேர்ந்து பின்னால போற தண்டு கோணலாகி உதறும். அப்புறம் எனக்கு ஏறி உட்கார ஏணி வாங்கிக் குடுப்பியா?"

அவன் மறுபடி வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து, சரி, மூன்று விரலே இருக்கட்டும் என்றான்.

வண்டி தயாரானதும் ஓட்டிப் பார்த்தாள். அந்த வாரம் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நிறைந்த தொட்டியோடு மேடேறி இறங்கும்போது தண்ணீர் தளும்பவில்லை. தேவையே இல்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு கிணறுவரை போய்வந்தாள்.

பிறகு கல்ஃபான் வந்தான். புது ஷாக் போட்டபின் சக்கரங்களை நேர்பார்க்க வேண்டும், கொண்டுபோய்த் தருகிறேன் என்று எடுத்துப்போனான். நாட்கள் போயின. கேட்டால் பட்டறையில் கூட்டம், ஒரு சாமான் வரவில்லை என்று ஏதாவது சொன்னான். சுவைனா அடுத்தவர் வண்டிகளில் தண்ணீர் கேட்டு வாங்கினாள்.

ஒருநாள் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த நேரம், மேட்டுக்கு அப்பால் வண்டிச் சத்தம் கேட்டது. என்ஜின் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. காப்பிப் பானையை நெருப்பில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். வண்டியிலிருந்து இறங்கியவன் கல்ஃபான் இல்லை. தெரியாத ஒருவன், நல்ல மரியாதைக்காரன். பெயர் அஸ்ஸான் என்றான்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. மணல்ல நாலு சக்கரத்தையும் சேர்த்து ஓட வைக்கிற கம்பி சில நேரம் மாட்டிக்குது. இந்த வண்டிய ஓட்டினவங்க நீங்கதான்னு கல்ஃபான் சொன்னாரு. அதான் கேட்டுப் போலாம்னு வந்தேன்."

சுவைனா அவனை உட்காரச் சொன்னாள். பேரீச்சம்பழம் வைத்தாள், காப்பி ஊற்றினாள். அப்புறம்தான் கேட்டாள், வண்டியை எப்போது வாங்கினாய் என்று.

"ரமலானுக்கு முன்னாலயே பேசி முடிச்சாச்சும்மா. ஷாக் மாத்திக் குடுத்தா வாங்கிக்கறேன்னு சொன்னேன். கடையில நீங்க எடுக்கும்போதுகூட போன்ல பேசிட்டுதான் இருந்தேன். நான்தான் ஆறு விரல் கேட்டேன். அக்கா ஒத்துக்க மாட்டேங்கறா, அவ சொன்னா சரியா இருக்கும்னாரு. சரியாத்தாம்மா இருக்கு. ஓட்ட அவ்வளவு நல்லா இருக்கு."

சுவைனா கோப்பையைக் கீழே வைத்தாள். எழுந்து போய் வண்டியில் ஏறி, கிளட்சைப் பாதி மிதித்துக் கொஞ்சம் பின்னால் உருளவிட்டுக் கம்பியை இழுக்கவேண்டும் என்று அவனுக்கு இரண்டு தடவை செய்து காட்டினாள். அவனுக்கு அதற்குள் ஏதோ புரிந்துவிட்டது. வண்டியை இங்கேயே விட்டுவிடுகிறேன், கல்ஃபானிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றான்.

"நீ கேட்டு வாங்கினே, குடுத்தாங்க. உன்மேல என்ன இருக்கு? சாயங்காலம் ஆறதுக்குள்ள கிளம்பு" என்றாள்.

மறுநாள் என் புருஷன் வண்டியில் இப்ராவுக்குப் போனோம். கல்ஃபான் எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து உட்காரவைத்தான். ஒளிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"பேரு என்னோடதுதானேக்கா. உனக்கும் அம்பது தாண்டிடுச்சு. மணல்ல தனியாக் கவுந்து கெடந்தா யாரு பாக்கறது? இங்க வந்து எங்களோட இரு. இவ்வளவு பெரிய வீடு யாருக்கு?"

"வித்தே, சரி. ஷாக் எது வேணும், எவ்வளவு தூக்கணும்னு என்னைக் கூட்டிட்டுப் போய்க் கேட்டியே. அது எதுக்குடா?"

"எனக்கு என்ன தெரியும்? உனக்குத்தானே அதெல்லாம் தெரியும்."

அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னான். அதுதான் அவளை அடித்தது என்று நினைக்கிறேன். அவன் மனைவி காப்பி கொண்டுவந்தாள். சுவைனா கோப்பையைத் தொடாமல் எழுந்தாள். எங்கள் ஆட்களில் அப்படி ஒரு வீட்டிலிருந்து எழுந்து வருவது சின்ன விஷயமில்லை. கல்ஃபான் வாசல்வரை அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தான்.

திரும்பும் வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். வண்டி போனது போகட்டும், அந்த ஒரு வாரம் சந்தோஷமாக ஓட்டினேனே, அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது என்றாள்.

குளிர்காலத்தில் வேறொரு பிக்கப் வாங்கினாள். அதைவிடப் பழையது, கதவு சரியாக மூடாது. இந்தத் தடவை அவள் பெயரிலேயே பதிந்தாள். பின்பக்கம் தொய்ந்துதான் கிடக்கிறது. மாற்றலாமே என்று கேட்டேன். ஓடுகிறவரை ஓடட்டும் என்றாள். அஸ்ஸான் மட்டும் எப்போதாவது வருவான், அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து தருவான்.

ஊரில் பெரியவர்கள் இரண்டு பக்கமும் பேசினார்கள். அடுத்த பெருநாளைக்குக் கல்ஃபான் குடும்பத்தோடு அவள் கூடாரத்துக்கு வந்தான். அவள் திருப்பி அனுப்பவில்லை. ஆடு அறுத்தாள், சோறு வைத்தாள், பிள்ளைகளை மடியில் உட்கார்த்திக்கொண்டாள். அவனுக்கும் தன் கையாலேயே காப்பி ஊற்றினாள். ஆனால் பிறந்ததிலிருந்து அவனை 'டா' போட்டுக் கூப்பிட்டவள், வழிப்போக்கரை உபசரிப்பதுபோல இரண்டு கையாலும் கோப்பையை நீட்டி, "எடுத்துக்குங்க" என்றாள்.

கல்ஃபான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வாங்கிக்கொண்டான்.