சித்தப்பா முதுகுல போன அருவி

ஆயில் பெயிண்ட் ஒரே நாள்ல காயாது. யூட்யூப்காரன் சொல்லித்தான் இருந்தான், வாரக்கணக்கா ஆகும்னு. நான்தான் அந்த எடத்த ஓட்டி உட்டுட்டேன். ஆறாங்கிளாஸ் பொண்ணுக்கு பொறும எங்க இருக்கு?

மலை, அதுலருந்து கொட்டுற அருவி. லீவு பூரா சித்தப்பா போன்ல பாத்து பாத்து இத வரைய கத்துக்கினேன். கலர் டியூபும் அவரு வாங்கி குடுத்ததுதான். அப்போ அவருக்கு ஃபேக்டரி கான்ட்ராக்ட் வேல போயி வீட்லதான் இருந்தாரு. மலை ஈசியா வந்துருச்சு. எங்க கோரமண்டல்ல கதவ தெறந்தாலே சைனைட் மேடு, தங்கச் சுரங்கத்துலருந்து கொட்டுன மண்ணு மல கணக்கா நிக்கும். அத பாத்து அப்டியே போட்டுட்டேன். அருவிதான் உயிர எடுத்துச்சு. நான் நேர்ல பாத்த பெரிய அருவியே தண்ணி டேங்கர் ஒழுகுனதுதான்.

மொத தடவ போட்டப்போ சித்தப்பா எட்டி பாத்தாரு.

"இன்னா மே, மலைக்கு நாமம் போட்டு வெச்சிருக்க?"

ரோஷம் வந்துருச்சு. செவுத்துக்கு பட்டி பாக்குற பிளேட எடுத்தேன். வெள்ள டியூப மொத்தமா பிதுக்கி மேலருந்து கீழ ஒரே இழு. சக்கத்தா வந்துருச்சு! நெஜ தண்ணியே கொட்டுற மாதிரி அவ்ளோ தடிமன். கதவுக்கு பின்னாடி ஆணில மாட்டிட்டு தள்ளி நின்னு நானே ரசிச்சேன்.

மறுநாள் சித்தப்பாவுக்கு பெங்களூர்ல இன்டர்வியூ. அம்மா ராத்திரியே அவரோட கருநீல சட்டைய அயர்ன் பண்ணி எடுத்துகினு வந்தாங்க. எங்க குவார்ட்டர்ஸ்ல வேற ஆணி ஏது?

"காஞ்சிருச்சாடி?"

கை கூட வெச்சு பாக்கல. "ம்ம்"னேன். என் படத்து மேலயே சட்டைய மாட்டிட்டாங்க.

விடியறதுக்கு முன்னாடியே ட்ரெயின். நான் முழிச்சிக்குவேன்னு லைட்டு கூட போடாம, இருட்டுலயே சட்டைய மாட்டிகினு கெளம்பிட்டாரு மனுஷன்.

காலைல பாத்தா மலை இருக்கு, அருவிய காணோம்.

அம்மாவுக்கு டக்குனு புரிஞ்சு போச்சு. சித்தப்பாவுக்கு போன் அடிச்சாங்க. அலமாரியில ரிங் அடிக்குது. வீடியோ பாத்தே சார்ஜ காலி பண்ணி நான் அங்க சொருகி வெச்சிருந்தேன், அவரு எடுக்க மறந்துட்டாரு.

"இதுவும் போச்சுன்னா அந்த புள்ள மூஞ்சில எப்டிடி முழிப்பேன்?"

அன்னிக்கு பூரா அம்மா எங்கிட்ட பேசல.

சாயங்காலம் வந்தாரு. சட்டைய உல்டாவா போட்டுகினு, தையலெல்லாம் வெளிய தெரிய. எங்கள சிரிக்க வெக்கத்தான் அப்டி வந்துருக்காருன்னு நெனச்சேன்.

"இன்னா தம்பி ஆச்சு?"

"நான் போறதுக்குள்ள ஆள் எடுத்துட்டாங்க அண்ணி."

அம்மா அந்த சட்டையவே பாத்துகினு நின்னாங்க. நான் உடுவனா?

"சித்தப்பா, என் அருவி எங்க?"

"பெங்களூர்ல ஒரே தண்ணி கஷ்டம் மே. பாவமேன்னு அங்கயே உட்டுட்டு வந்தேன்."

உருண்டு உருண்டு சிரிச்சேன். ஸ்கூல் தெறந்ததும் கிளாஸ் பூரா இதத்தான் சொல்லிகினு திரிஞ்சேன், என் அருவி பெங்களூர் போயிருக்குன்னு. இப்போ நெனச்சா மூஞ்சிய எங்கயாச்சும் பொதச்சிக்கலாம் போல இருக்கு. அது பத்தாதுன்னு அவரு திரும்பி வந்த அன்னிக்கே கிட்ட போயி, "அப்போ புது வெள்ள டியூப் வாங்கி குடு"ன்னு வேற நின்னேன். "வாங்கலாம் மே"ன்னாரு.

"சட்டைய கழட்டி குடு தம்பி, ஊற வெக்கிறேன்"னு அம்மா கேட்டாங்க. "இருக்கட்டும் அண்ணி"ன்னு செவுத்துல சாஞ்சு உக்காந்தவருதான். சோத்துக்கு கூப்ட்டப்ப கூட முதுக செவுத்த உட்டு எடுக்கல.

ட்ரெயின்ல நின்னுகினே வந்த அலுப்பா இருக்கும்னு அப்போ நெனச்சுகினேன்.