ஒரு பொடிக்காயும் மூன்று வார இருமலும்

ஐம்பதுகளின் நடுவில், போடிக்கு ரயில் மறுபடி ஓடத் தொடங்கியிருந்த சமயம். நான் ஊரில் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து மூட்டையாக வரும் காயைச் சுளகில் கொட்டி, பெருங்காய், நடுக்காய், பொடிக்காய் என்று பிரிக்க வேண்டும். வீட்டுக்காரருக்குப் போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் காய் உலர்த்துகிற வேலை. சனிக்கிழமை இறங்குவார், திங்கட்கிழமை காலையில் ஜீப் ஏறிவிடுவார். இரண்டு வயது மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் கிட்டங்கிக்கே தூக்கிக்கொண்டு போவேன்.

அங்கே ஒரு காயைக்கூட வாயில் போடக் கூடாது. சாயங்காலம் வாசலில் முந்தானையை உதறி, வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். பிடிபட்டால் மறுநாள் வேலை கிடையாது. ஊர் முழுக்கத் திருடி என்ற பெயர் வேறு. மேஸ்திரி நல்ல மனுஷர்தான். ஆனாலும் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் எங்கள் வாயரட்டை அப்படியே அடங்கிவிடும்.

ஒரு மத்தியானம் பிள்ளை சிணுங்கிக்கொண்டே இருந்தாள். பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு பொடிக்காயை எடுத்து அவள் வாயில் வைத்தேன். சப்பிக்கொண்டு சும்மா இருந்தாள். கொஞ்ச நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம். பதறிப்போய், காயைத் தோண்டி எடுக்க அவள் வாய்க்குள் விரலை விட்டேன். அழுவதற்காக மூச்சை இழுத்தவள் அப்படியே திணறிப் போனாள். முகம் நீலம் பாய்ந்துவிட்டது. முதுகில் தட்டத் தட்ட இருமினாள், பிறகு மூச்சு வந்தது. காயைக் காணோம். விழுங்கியிருப்பாள், தானாக வெளியே போய்விடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் மேஸ்திரியும் இல்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன் பாருங்கள், அந்தப் புத்தியை என்ன சொல்ல!

அன்றைக்குத் தொடங்கிய இருமல் நிற்கவில்லை. கக்குவான் என்றார்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள், தங்கள் பிள்ளைகளை எங்கள் வாசல் பக்கம் விடவில்லை. கற்பூரவல்லிச் சாறு கொடுத்தேன். தூதுவளை கொடுத்தேன். வேப்பிலை அடித்து மந்திரிக்க வைத்தேன். சிரிக்காதீர்கள், சுக்கோடு ஏலக்காயும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்தும் கொடுத்தேன். அந்தக் காய் ஞாபகம் வராமல் இல்லை. வரும்போதெல்லாம், வயிற்றுக்குப் போனதற்கும் இருமலுக்கும் என்ன சம்பந்தம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை வந்த வீட்டுக்காரர் பிள்ளை இருமுவதைக் கேட்டதும் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "எங்கண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு" என்றார். அவருடைய அண்ணன் எஸ்டேட்டில் சயரோகத்தில் போனவர். வைத்த சோறு அப்படியே இருந்தது.

விஷயம் தெரிந்து மேஸ்திரியே தனக்குப் பழக்கமான டாக்டரிடம் எங்களை அழைத்துப் போனார். டாக்டர் பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்தார். வலது பக்கம் வைத்தவர் மறுபடி மறுபடி அங்கேயே வைத்துக் கேட்டார்.

"இருமல் என்னைக்கும்மா தொடங்குச்சு? அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

மேஸ்திரி பக்கத்தில் நிற்கிறார். நான் எப்படிச் சொல்வேன்? "மழையில நனைஞ்சிருச்சுங்கய்யா" என்றேன்.

சயரோகமாக இருக்கலாம் என்ற சந்தேகத்தில் தினமும் ஊசி போட்டார்கள். பத்து நாளில் பிள்ளை குச்சியாகிவிட்டாள். காய்ச்சல் விடவில்லை, மூச்சு விட்டால் விசில் சத்தம் கேட்டது. மேஸ்திரியோடு மறுபடி போனபோது டாக்டர் முகத்தில் தெளிவில்லை. "மாசக்கணக்குல ஆஸ்பத்திரியில வைக்கணும்மா. உன்னையக்கூடப் பக்கத்துல விடுவாங்களான்னு தெரியல" என்றவர், "நல்லா யோசிச்சுச் சொல்லு. மழையில நனைஞ்சா முதல்ல மூக்கு ஒழுகும், சளி புடிக்கும். இது அப்படித் தெரியலையே" என்றார்.

மடியில் கிடந்தவள் இருமக்கூடத் தெம்பில்லாமல் என்னையே பார்த்தாள். வேலை போனால் போகட்டும், திருடி என்று சொன்னால் சொல்லட்டும் என்று வாயைத் திறந்துவிட்டேன். "காயைத் தின்னக் கொடுத்தேங்கய்யா. மேஸ்திரி அண்ணன் வர்றாகன்னு பயந்து வாய்க்குள்ள வெரல விட்டேன். அப்பத்தான் மூச்சு முட்டுச்சு." சொல்லிவிட்டு அழுதேன்.

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அது வயித்துக்குப் போகலம்மா, மூச்சுக்குழாய்க்குள்ள போயி அடைச்சிருக்கு! வெரசா மதுரைக்குக் கெளம்பு."

மேஸ்திரியைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் குரல்தான் கேட்டது. "ஏத்தா, நீ காயக் கொடுத்தத நான் அன்னைக்கே பாத்தேனே. புள்ளைக்குத்தானேன்னு பாக்காத மாதிரி திரும்பிப் போயிட்டேன். ஒத்தக் காய்க்காகவா இம்புட்டு நாளும் வாய மூடிக்கிட்டு இருந்த?"

மதுரை ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்தார்கள். சேதி கேட்டு மலையிலிருந்து இறங்கி வந்த வீட்டுக்காரர், கூடவே வந்த மேஸ்திரி, நான் என்று மூன்று பேரும் வாசலில் நின்றிருந்தோம். நர்ஸம்மா ஒரு பீங்கான் கிண்ணத்தில் கொண்டுவந்து காட்டினார். ஊறி உப்பிக் கறுத்துப்போன ஒரு பொடிக்காய். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் நான் தள்ளிவிடுகிற காய். இன்னும் சில நாள் விட்டிருந்தால் பிள்ளை தங்கியிருக்க மாட்டாள் என்றார்கள். திரும்பி வரும்போது ரயிலில் அவள் இருமாமல் தூங்கினாள். எனக்குத்தான் பயம் தீரவில்லை, போடி வரும்வரைக்கும் அவள் மூக்கில் விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

என் வேலை போகவில்லை. அந்த மகள் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். சின்ன வயதில் உனக்கு நெஞ்சுச்சளி என்று மட்டும்தான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வீட்டில் யார் இருமினாலும், "என்னைக்குத் தொடங்குச்சு? அப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சு?" என்று நான் குடைவதைக் கேட்டு அவள் சிரிப்பாள். இதைப் படித்தால் சிரிக்க மாட்டாள். படிக்கட்டும். படித்துவிட்டு என்னிடம் என்ன கேட்டாலும், இந்தத் தடவை மழையில் நனைந்தாய் என்று சொல்ல மாட்டேன்.