லேடீஸ் ரூம் தங்கபாய்

பாறசாலைக்குக் கிழக்கே பனைவிளை ராஜையனுக்கு இரண்டும் பெண்ணாகப் பிறந்தன. மூத்தவள் சுசீலாபாயை நெய்யாற்றின்கரையில் தாசையனுக்குக் கொடுத்தார்கள். அந்த வழியில் மக்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு சபையே நிறையும். இளையவள் தங்கபாய். அவள் வழியில் யாரும் இல்லை.

அவளைக் கட்டிய ஞானையன் நல்ல கொத்தன். திருவனந்தபுரத்தில் அந்தப் பெரிய காலேஜுக்குக் கிழக்கு வரிசைக் கட்டிடம் எழும்பியபோது, கெமிஸ்திரி லாபின் வாசல் வளைவை அவன்தான் கட்டினான். வளைவு நின்றது, அவன் நிற்கவில்லை. கூரை மட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டான். கைக்குழந்தையோடு நின்ற தங்கபாய்க்குக் காலேஜிலேயே ஒரு வேலை போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் குழந்தை லீலாபாயும் பதினாறு வயதில் விஷக்காய்ச்சலில் போனது. அதற்குப் பிறகு தங்கபாய்க்குச் சொந்தம் என்று சொல்ல அந்தக் கட்டிடமும், அதற்குள் வந்துபோகிற பெண்பிள்ளைகளும்தான்.

அவள் வேலை இதுதான். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை, அதற்கு லேடீஸ் ரூம் என்று பெயர். இரண்டு பெஞ்சு, ஒரு கண்ணாடி, ஒரு மண்பானை, ஒரு மர அலமாரி. காலேஜில் படிக்க வந்த, விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்கள் அங்கேதான் இருக்கவேண்டும். மணி அடித்து, ஆண்பிள்ளைகள் எல்லாம் படிப்படியாக உயரும் காலரி வகுப்பில் ஏறி உட்கார்ந்து, வாத்தியார் உள்ளே போன பிறகே பெண்கள் போகலாம். தங்கபாய் முன்னால் நடப்பாள், பின்னால் இவர்கள் வரிசையாக. வகுப்பு முடிகிறவரை அவள் வெளியே ஸ்டூலில் இருப்பாள். முடிந்ததும் வாத்தியாருக்குப் பின்னாலேயே இறக்கிக் கூட்டிவருவாள். குஞ்சுகளோடு போகிற வாத்துப்போல என்று, ஆண்பிள்ளைகள் அவளைத் "தாராக்கோழி" என்று கேலி செய்வார்கள். "ஆமாலே, தாராக்கோழிதான். எனக்க குஞ்சப் பாத்தா கொத்துவேன், கேட்டியா?" என்பாள்.

கெமிஸ்திரி வகுப்புக்கு மட்டும் ஒரு பெண்ணும் போனதில்லை. அந்த வளைவுக்குக் கீழே ஒரு பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடக்கவேண்டும், அவள் உள்ளே படித்து ஜெயித்து வெளியே வரவேண்டும் என்று தங்கபாய்க்கு ஒரு ஆசை. லீலாபாயை நினைத்து வைத்த ஆசை அது.

அப்படி இருக்கையில்தான் ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்திலிருந்து சீதாலக்ஷ்மி வந்தாள். அவள் அப்பா பிச்சுமணி ஒரு கம்பெனியில் கணக்கெழுதுகிறவர். மகளுக்குக் கெமிஸ்திரியில்தான் புத்தி போகிறது என்று, வீட்டில் தன் மூத்த அண்ணனோடு சண்டை பிடித்துச் சேர்த்துவிட்டார். சீதா வீட்டிலிருந்து பித்தளைக் கூஜாவில் தண்ணீர் கொண்டுவருவாள். பொதுப்பானைத் தண்ணீர் குடிக்கமாட்டாள்.

"எந்தா சீதா, பத்மநாப சுவாமி தீர்த்தமா அது? எனக்கும் ஒரு துள்ளி தா" என்று சரசம்மா வம்புக்கு இழுத்தாள். அவள் நெய்யாற்றின்கரை சபைப் போதகரின் மகள்.

"உனக்கு ஒரு துள்ளி தந்தா, எனக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிப்பே" என்றாள் சீதா.

இரண்டாம் வருஷம் கூஜா வருவது நின்றது. பானையில் மொண்டு குடித்துவிட்டு, "ஆத்துல சொல்லிடாதேங்கோ அம்மச்சி" என்று தங்கபாயிடம் சிரிப்பாள்.

லாபில் அவளுக்கு ஜன்னல் பக்கத்து மேஜை கிடைத்தது. வெளியே ஸ்டூலில் இருந்தபடியே தங்கபாய்க்கு அந்த மேஜை தெரியும். சீதா கண்ணாடிக்குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாள். கண்டுபிடித்துவிட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்துவாள். என்ன கண்டுபிடித்தாள் என்று தங்கபாய்க்குத் தெரியாது. ஆனாலும் தலையை ஆட்டுவாள்.

கடைசிப் பரீட்சை வந்தது. லாப் பரீட்சை மட்டும் மூன்று நாள். ஒரு நாள் விட்டாலும் மற்றதெல்லாம் வீண்.

முதல் நாள் எல்லாரும் போன பிறகும் சீதா லாப் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"என்ன மோளே, ஆசிட் தெறிச்சுதா?" என்று தங்கபாய் பதறினாள்.

சீதா இல்லை என்று தலையசைத்தாள். கண் நிரம்பியது. தங்கபாய்க்கு அப்போதே விளங்கிவிட்டது. ஒன்றும் கேட்காமல் அவளை லேடீஸ் ரூமுக்குக் கூட்டிப்போய், அலமாரியின் அடியில் மடித்து வைத்திருந்த லீலாபாயின் வெள்ளைப் பாவாடையை எடுத்துக் கொடுத்தாள்.

"இதுக்கு என்னத்துக்குக் கரயுத? பெண்ணாப் பிறந்தவளுக்கு உள்ளதுதானே. நீ போ, மற்றத நான் பாத்துக்கிடுதேன்."

வீட்டில் என்ன சொல்லப்போகிறாய் என்று அவள் கேட்கவில்லை. அக்ரஹாரத்தில் அந்த நாட்களில் பெண்களைத் தனியே உட்காரவைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பரீட்சை நேரம், தாயிடம் சொல்லியிருப்பாள், தாய் பார்த்து அனுப்புவாள் என்று எண்ணிக்கொண்டாள். லீலாபாய் எதையானாலும் தன்னிடம் வந்து சொல்லும் பிள்ளை. எல்லா வீடும் அப்படித்தான் என்று நினைத்தாள். சீதா மாற்றிவிட்டுப் போன நீலப் பாவாடையைச் சாம்பல் போட்டு அலசி, வெயிலில் உலர்த்தி, மடிப்புக் கலையாமல் வைத்தாள். சீதா பரீட்சைக்கென்று வைத்திருந்த பாவாடை அது. கடைசி நாள் அதைத்தான் உடுத்தவேண்டும் என்று தங்கபாய்க்கு ஆசை.

பரீட்சைக்கு நடுவில் பிள்ளையைச் சுமக்கவைக்கவேண்டாம், தாயின் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று, இரண்டாம் நாள் மத்தியானம் சீதா லாபுக்குள்ளே இருக்கும்போது இவள் ஸ்ரீவராகத்துக்கு நடந்தாள். கொல்லைப்புறச் சந்தில் போய் நின்றாள். கிணற்றடியில் சீதாவின் அம்மா ஈரப்புடவையோடு தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள்.

"யாரது? எட்ட நில்லு. இன்னிக்கு ஆத்துல மாமனார் சிராத்தம்."

"நான் காலேஜில இருந்து வருதேன் அம்மா. லேடீஸ் ரூம் தங்கபாய். சீதா மோளுக்க பாவாட கொண்டுவந்தேன்."

"பாவாடையா? அது ஆசிட் பட்டுப் பொத்தலாயிடுத்து, எறிஞ்சுட்டேன்னாளே?"

தங்கபாய் வெள்ளந்தியாகப் பாவாடையை விரித்துக் காட்டினாள். "பொத்தலா? ஒண்ணும் இல்லியே அம்மா. கறதான். அதுவும் போக்கியாச்சு."

"என்ன கறை?"

தங்கபாய் சட்டென்று பாவாடையைச் சுருட்டினாள். நேற்று தான் பதறிக் கேட்ட வார்த்தையையே பிள்ளை வீட்டில் பொய்யாகக் கொண்டுபோய் வைத்திருக்கிறது என்று, காலம் கடந்த பிறகு அவளுக்கு விளங்கியது.

"விடியக்காலம் அவதானேடி ஜலம் எடுத்தா... அவதானே காய் நறுக்கினா..." என்று தனக்குத்தானே முனகிக்கொண்டு அந்த அம்மாள் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "ஐயோ, பிராமணாள் இலையில உக்காந்தாச்சே!" என்று கத்தினாள்.

சத்தம் கேட்டுப் பிச்சுமணி விரலில் தர்ப்பையோடு வந்தார். அவருக்குப் பின்னாலேயே அவர் அண்ணாவும் வந்தார். எல்லாம் நிமிஷத்தில் விளங்கிவிட்டது.

"பாத்தியாடா, பெண்ணைப் படிக்க அனுப்பின லட்சணத்தை? அப்பாவுக்கு இன்னிக்கு நன்னாச் சாதம் போட்டே" என்றார் அண்ணா.

"பிள்ளைக்கு நாளைக்கு ஒரு நாள்தான் பாக்கி அய்யா" என்று தங்கபாய் கைகூப்பினாள். "தெற்று என்னோடதாக்கும். பிள்ளைய விட்டிருங்க."

பிச்சுமணி அந்தப் பாவாடையையே பார்த்துக்கொண்டு நின்றார். மகளுக்காக ஒருகாலத்தில் அண்ணனோடு மல்லுக்கு நின்ற மனுஷர். இன்றைக்கு அப்பாவின் திதியில் தலை குனிந்தார்.

"நீங்க போங்கோ" என்றார் மெதுவாக.

தங்கபாய் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். லாபுக்குள்ளே சீதா குழாயைத் தூக்கிப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினாள். தங்கபாயால் தலையாட்ட முடியவில்லை.

வெளியே வந்தபோது பிள்ளை முகமெல்லாம் சிரிப்பு. "அம்மச்சி, இன்னிக்குக் குடுத்த உப்பை முதல் தடவையிலேயே கண்டுபிடிச்சுட்டேன்!"

"மோளே, பாவாடைய உங்க வீட்டுல கொண்டு கொடுத்துட்டேன்."

சீதா நின்றாள். வளைவுத் தூணில் கையை வைத்துக்கொண்டாள்.

"அம்மாட்டயா?"

"ம்."

"சரி" என்றாள். திட்டவில்லை, அழவும் இல்லை. மேஜை இழுப்பறையின் சாவியைத் தங்கபாயின் கையில் வைத்தாள். "நாளைக்கு நான் வரலைன்னா, இதை ஆபீஸ்ல குடுத்துடுங்கோ."

மறுநாள் தங்கபாய் விடியும்போதே காலேஜ் வாசலில் போய் நின்றாள். வண்டிகள் வந்தன, சீதா வருகிற ஸ்ரீவராகத்து வண்டி வரவில்லை. மணி அடித்தது. லாபில் எல்லா மேஜையிலும் காஸ் அடுப்பு நீலமாக எரிந்தது, ஜன்னல் பக்கத்தில் மட்டும் இல்லை. பரீட்சை நடத்த வந்தவர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, அந்த மேஜைக்குப் போகிற காஸ் குழாயை மூடச் சொன்னார்.

அந்த வருஷமே சீதாவை மதுரையில் கொடுத்துவிட்டார்கள். சரசம்மாதான் வந்து சொன்னாள்.

பிறகு காலேஜ் வளர்ந்தது. பெண்களுக்கென்று காற்றோட்டமான புதுக் கட்டிடம் வந்தது. தண்ணீருக்குக் குழாய், தனி அலமாரிகள், படிக்க ஒரு ஹால். கெமிஸ்திரிக்கே ஒரு வரிசைப் பெண்கள் போனார்கள். தங்கபாய் அவர்களை அந்த வளைவுக்குக் கீழே கூட்டிக்கொண்டு போனாள், ஆசைப்பட்டபடியே. ஆனால் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. பிள்ளைகளுக்குத் தலைவலி என்றாலும், ஊக்கு வேண்டும் என்றாலும், "இது வீட்டுல சொல்லணுமா, பறயக்கூடாதா?" என்று முதலில் கேட்பாள். "அம்மச்சிக்கு வட்டு, கிறுக்கு" என்று பிள்ளைகள் சிரித்தார்கள்.

யுத்தம் முடிந்த சமயம். ஒருநாள் இடைவேளையில் பழவங்காடிக்குச் சாமான் வாங்கப் போயிருந்தாள். கணபதி கோயில் முன்னால் தேங்காய் உடைக்கிற கூட்டத்தில், "அம்மச்சி" என்று யாரோ கூப்பிட்டார்கள். சீதா. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. முகம் கொஞ்சம் வற்றியிருந்தது.

"சுகமா இருக்கியா மோளே?"

"இருக்கேன். அப்பா போயிட்டார், கேட்டேளா? கடைசி வரைக்கும் என் முகத்தைப் பாத்துப் பேசலை. கோபம் இல்லை, வெக்கம்."

தங்கபாய் கிட்டே போய் நின்றாள். குழந்தையின் தலையைத் தடவினாள்.

"அந்த ஜன்னல் மேஜைல இப்போ யாரு?" என்று சீதா கேட்டாள்.

அன்று காலையில்கூட ஒரு பெண் அங்கே நின்று குழாயைத் தூக்கிப் பார்த்தாள். தங்கபாய் அதைச் சொல்லவில்லை.

"ஆரும் இல்ல மோளே. ஒழிஞ்சுதான் கெடக்கு."

சீதா சிரித்தாள். "போங்கோ அம்மச்சி. காலேஜ் மேஜை எங்கயாவது ஒழிஞ்சு கிடக்குமா?"

அதற்குள் வீட்டு ஆட்கள் கூப்பிட்டார்கள். அவள் கூட்டத்தோடு போனாள். தங்கபாய் சாமான் ஒன்றும் வாங்காமல் திரும்பி நடந்தாள். அடுத்த மணி கெமிஸ்திரி, பிள்ளைகள் காத்திருப்பார்கள்.