ஏலத்தில் போன ஆலயம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆலயத்துக்குப் புறப்பட்டு, சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தபோது சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. எஸ்தர் அக்காவின் முகம், சுற்றிலும் பூக்கள். பிறந்தநாள் வாழ்த்து என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் குழுவில் வாழ்த்துக்கும் அஞ்சலிக்கும் ஒரே பூவைத்தான் போடுவார்கள். கீழே இருந்ததை வாசித்ததும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். முந்தின ஞாயிறு பாடகர் குழு சுதி தப்பிவிட்டது என்று என் காதோடு குறைப்பட்டவர், இந்த ஞாயிறு இல்லை.

சபையாராகிய உங்களில் பலர் அவரைத் தையல் டீச்சராக அறிவீர்கள். சபைக் கூட்டத்தில் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் உங்களில் உண்டு. எனக்கு அவர் வாடிக்கையாளர். அந்நாட்களில் குழித்துறைச் சந்தைப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். கணினியைத் தொடவே பயந்தவர், வாரம் தவறாமல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து வெளிநாட்டோடு வழக்காடினார்.

வழக்கு இதுதான். நம் பழைய ஓட்டு ஆலயத்தை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்டத் தீர்மானித்தபோது எதிர்த்துக் கை தூக்கியவர் அக்கா மட்டுமே. இடிக்கும் ஒப்பந்தத்தை எடுத்தவரோ அவருடைய பெரியப்பா மகன் ராஜமணி அண்ணன். இடிக்குமுன் ஒரு படம் எடுத்து, ஆயர் அங்கி மாற்றும் அறையில் மாட்டுவோம் என்று கமிட்டி அக்காவைச் சமாதானப்படுத்தியது. ஸ்டுடியோக்காரர் வந்தார். ஏணியில் ஏறினார், குனிந்தார், படுத்தார், நான்கு பக்கமும் எடுத்தார். கேமராவில் ஃபிலிம் போட மறந்திருந்தார். அது தெரியவந்தபோது ஆலயம் செங்கல் குவியலாகக் கிடந்தது.

“எனக்கு ஞானஸ்நானம் அதுலதான், கல்யாணம் அதுலதான், அவியள பெட்டில கொண்டு கெடத்தினதும் அதுலதான்” என்றார் ஒருநாள். “கண்ண மூடுனா வாசல் தெரியுது ஏட்டி. ஜன்னலு எத்தனன்னு மறந்து போச்சு. இப்பிடியே பைய பைய எல்லாம் போயிரும், கேட்டியா?” சொல்லிவிட்டு, என் கடையில் தூசி அதிகம் என்று திட்டினார்.

பழைய மிஷனெரிகள் எடுத்த படங்கள் இங்கிலாந்தில் ஒரு திருச்சபை வரலாற்று நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன, கேட்டால் கணினி வழியாகவே பிரதி அனுப்புவார்கள் என்று ஆயர் ஒரு பிரசங்கத்தில் சொல்லிவைத்தார். பிரசங்கத்தின் மற்றப் பகுதி அக்காவின் காதில் ஏறவில்லை. மறுநாள் கடை திறக்குமுன் படியில் நின்றார். அவர் சொல்லச்சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டினேன். “கர்த்தருக்குள் பிரியமான நூலகர் அவர்களுக்கு, சமாதானம் உண்டாவதாக” என்று தொடங்கி, நூலகருடைய வீட்டார் சுகம், அவ்விடத்து மழை எல்லாம் விசாரித்து, கடைசி வரியில்தான் படம் வந்தது. அனுப்பும் பொத்தானை அழுத்தப் போன என் கையைத் தட்டிவிட்டார்.

“ஜெபிக்காம அனுப்புவியா?”

எழுந்து நின்றார். நானும் நின்றேன். பொறியியல் கலந்தாய்வு முடிவு பார்க்க வந்திருந்த பையன்களையும் நிற்கவைத்தார். “லே, எந்திரிங்க. ஒங்களுக்கும் சேத்துதான்.” நெட்டுக்கு மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் ஜெபமோ இங்கிலாந்து ராணியில் தொடங்கி, மார்த்தாண்டத்துப் போக்குவரத்து நெரிசல் வழியாகத்தான் ஆமேனுக்கு வரும். ஒவ்வொரு கடிதத்துக்கும் இதே கதை. அவர் வரும் கிழமையைத் தெரிந்துகொண்டு பையன்கள் வேறு கடைக்குப் போனார்கள்.

நூலகத்தில் ஓர் அம்மையார் பொறுமையாகப் பதில் எழுதினார். எதற்காகப் படம் வேண்டும் என்று கேட்டார். “நமக்க கோயிலு படத்துக்கு நம்மகிட்டயே காரணம் கேக்காளே” என்று அக்கா கொதித்தார். பிறகு ஒரு படம் வந்தது. மாட்டுவண்டியில் தொப்பி வைத்த வெள்ளைக்காரப் போதகர். “இது நம்ம கோயிலு இல்ல, மாடு மட்டும் நம்ம ஊரு மாடுன்னு எழுது” என்றார். எழுதினேன்.

சரியான படம் வந்த நாளை மறக்க முடியாது. அன்றைய நெட் வேகத்தில் படம் ஒரே அடியாகத் திறக்காது, மேலிருந்து வரி வரியாக இறங்கும். முதலில் வானம். பிறகு சிலுவை. பிறகு ஓட்டுக் கூரையின் நுனி, முகப்பு, மணி. அக்கா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டார். “ராஜமணி அண்ணன் மேல இருந்துதான் இடிச்சாவ” என்றார் மெல்ல. “இந்த லைப்ரரிக்காரி மேல இருந்தே கட்டிக்கிட்டு வாறா பாரு.” வாசல் வந்ததும் திரையில் விரல் வைத்து ஜன்னல்களை எண்ணினார். எண்ணி முடித்தவர் முந்தானையால் என் திரையைத் துடைத்தார். கண்ணைத் துடைக்கவில்லை.

அதோடு நின்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஆனால் அடுத்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை. முதல் தேங்காய், முதல் முட்டை என்று எது கிடைத்தாலும் ஆண்டவருக்குப் படைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவது நம் வழக்கமாயிற்றே. தன் வாழ்நாளின் முதற்பலன் இந்தப் படம்தான் என்று அக்கா முடிவுசெய்தார். சிடியில் ஏற்றச் சொன்னார். மின்னஞ்சலிலிருந்தும் கணினியிலிருந்தும் அழிக்கச் சொன்னார். கெஞ்சிப் பார்த்தேன். “ஆண்டவருக்குக் குடுத்ததுல ஒரு பங்க நாம ஒளிச்சு வச்சா அதுக்குப் பேரு காணிக்கையா?” என்றார். அழித்தேன். சிடியை யார் கேட்கப் போகிறார்கள், தானே ஏலத்தில் எடுத்து, படத்தை அச்சிட்டு மாட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு.

ராஜமணி அண்ணன் கேட்டார். அக்கா கேட்கக் கேட்க அவரும் ஏற்றினார். சிடி ஒரு ஆட்டுக்கிடாயின் விலையைத் தாண்டியபோது அக்கா வாயை மூடிக்கொண்டார். ஒரு தரம், இரண்டு தரம், ஆலயம் ராஜமணி அண்ணன் சட்டைப்பைக்குள் போய்விட்டது. ஒரு பிரதியாவது எடுத்துக்கொள்கிறோம் என்று நான் அவரிடம் தூது போனேன்.

“ஏலத்துல எடுத்த சேவலுக்கு நகல் கேப்பியாட்டி?” என்றார். “கோயில இடிச்சவன், கோயில இடிச்சவன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு நடக்கால்லா? இனி கோயிலு எங்கிட்ட கெடக்கட்டு.” அவர் வீட்டில் கணினியே கிடையாது.

அக்கா இரண்டு வாரம் கடைப்பக்கம் வரவில்லை. பிறகு வந்து, “எழுது” என்றார். படத்தை விற்கக்கூடாது என்பது நூலகத்தின் நிபந்தனை. “விக்கல்ல, ஏலம் போட்டோம்னு உள்ளத எழுது.” நடந்ததை எல்லாம் எழுதி, ஜெபித்து, அனுப்பினோம். இப்படியொரு காரணத்தைத் தன் பணிக்காலத்தில் கேட்டதில்லை என்று அம்மையார் பதில் எழுதினார். படத்தை மறுபடியும் இணைத்திருந்தார். இந்த முறை ஒரு பிரதியை நீங்களே வைத்துக்கொள்ள ஆண்டவர் சம்மதிப்பார் என்று நம்புவதாகவும் சொல்லியிருந்தார். ஆயரின் அறையில் இன்று நீங்கள் பார்க்கும் படம் அதுதான். அதைக் கடக்கும்போதெல்லாம் ராஜமணி அண்ணன், “இது காப்பி. ஒரிஜினல் எங்கிட்டல்லா இருக்கு” என்பார். “வச்சுக் கும்பிடுங்க” என்பார் அக்கா. பத்து வருடத்துக்கு மேல் இருவரும் பேசிக்கொண்டது பெரும்பாலும் இவ்வளவுதான்.

அடக்கத்தன்று பெட்டியை மூடும் நேரத்தில் ராஜமணி அண்ணன் கம்பூன்றி முன்னால் வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து சிடியை எடுத்து அக்காவின் கைக்கடியில் செருகினார். ஆயர் என்னவோ சொல்ல வந்தார்.

“நான் ஏலத்துல எடுத்தது. எனக்க மொதலு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லப்பிடாது” என்றவர், பெட்டிக்குள் குனிந்தார். “ஏட்டி எஸ்தரு, திருப்பித் தந்தாச்சு, கேட்டியா?”

அழுகைக்கு நடுவே நாங்கள் சிரித்துவிட்டோம். அக்கா இருந்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பார்.

அந்தப் படம் இப்போது என் கைபேசியிலும் இருக்கிறது, தொட்டதும் ஒரே நொடியில் திறந்துவிடுகிறது. ஆனால் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுவல்ல. பிரவுசிங் சென்டர் போய்க் கடை ஜெராக்ஸ் கடையாகிவிட்டது. இந்தக் கட்டுரையை அங்கிருந்துதான் நம் சபை இதழுக்கு மின்னஞ்சலில் அனுப்பப் போகிறேன். பொத்தானைத் தொடுமுன் எழுந்து நின்று கண்ணை மூடுவேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களும் கொஞ்சம் எழுந்து நிற்கட்டும்.