மஞ்சள் போடாத கோழி

இதை எழுதவேண்டும் என்று நினைத்து நினைத்தே சில வருடங்கள் ஓடிவிட்டன. கொப்பியை எடுத்து மேசையில் வைப்பேன், சாமிப் படத்தைப் பார்ப்பேன், திரும்ப மூடி வைத்துவிடுவேன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான், எழுதிப் பழக்கமில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இது இறைச்சி பற்றிய கதை. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு மாலை கட்டுகிற கை பச்சைக் கோழியும் வெட்டியது என்று தெரிந்தால் ஆட்கள் என்ன சொல்வார்களோ என்று தயங்கினேன். இப்போது அந்தத் தயக்கம் இல்லை. முருகனுக்குத் தெரியாதது இதில் ஒன்றும் கிடையாது.

எங்கள் வீடு சிட்னியில், கிரவீன் பக்கம். கணவருக்கு இருதய ஆபரேஷன் நடந்தபோது, அவர் சுகமாக வந்தால் இனி வீட்டில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, சமைப்பதில்லை என்று நேர்ந்துகொண்டேன். அவர் நடந்தே வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து எங்கள் குசினிக்குள் முட்டைகூட வந்ததில்லை. மகள் மட்டும் வெளியில் சாப்பிடுவாள். அதை நானும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.

யூனியில் படிக்கும்போது அவள் ஒரு ஃபெரெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். யாரோ வளர்க்க முடியாமல் விட்டுப் போனதாம். பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன், கீரிப்பிள்ளையைப் போல நீண்ட உடம்பு, குட்டைக் கால், கண்ணைச் சுற்றிக் கண்ணாடி போட்டது போல ஒரு கறுப்பு. நாளில் பாதிக்கு மேல் நித்திரை கொள்ளும். எழும்பினால் முதுகை வளைத்துப் பக்கவாட்டில் துள்ளித் துள்ளி ஆடும், தொண்டைக்குள் கொக்கரிக்கும். மகள் வைத்த இங்கிலீஷ் பெயர் என் வாயில் வரவில்லை. நான் தம்பி என்று கூப்பிட்டேன். ஆள் அதற்கே வந்தான்.

பிறகு மகளுக்கு மெல்பேர்னில் வேலை கிடைத்தது. அங்கே வாடகை வீட்டில் பிராணிகளுக்கு இடமில்லை.

"அம்மா, ஜஸ்ட் ஒரு வருஷம். உங்களை நம்பித்தான் விட்டிட்டுப் போறன்," என்றாள். விமான நிலையத்தில் எங்களைக் கட்டிப்பிடித்ததைவிட அவனைக் கட்டிப்பிடித்த நேரம்தான் கூட.

அவனுக்கு முதலிலிருந்தே வயிறு சரியில்லை. கடையில் வாங்குகிற உலர்ந்த உணவு உருண்டைகளைத்தான் சாப்பிட்டான். ஒரு நாள் சரியாகப் போவான், மறுநாள் பச்சையும் சளியுமாகத் தண்ணீராகப் போகும். மகள் போனபிறகு அது இன்னும் மோசமானது. தூக்கினால் முதுகெலும்பு விரலில் தட்டுப்பட்டது. துள்ளல் ஆட்டம் நின்றுவிட்டது.

வயிறு கெட்டால் எங்கள் வீட்டில் மருந்து என்ன? கஞ்சி. சோற்றைக் குழைய வேகவைத்து, மோர் விட்டு, ஒரு துளி உப்புப் போட்டு ஆறவைத்து விரலால் ஊட்டினேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் நக்கினான். எனக்குப் பெரிய சந்தோஷம். நெற்றியில் திருநீறும் பூசிவிட்டேன். அடுத்த நாள் அவன் மலம் போகிற தட்டைப் பார்த்தால் சோறு சோறாகவே கிடந்தது. நான் விடவில்லை, கஞ்சியைத் தண்ணீர் விட்டு இன்னும் ஐதாக்கினேன். அவன் எழும்பி நடக்கவே யோசிக்கத் தொடங்கினான்.

மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். வெள்ளைக்காரப் பெண், நிதானமாகப் பேசுபவர். அவனைத் தராசில் வைத்துவிட்டு, என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டார். சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. ஒரு தாளில் குடலின் படம் கீறிக் காட்டினார். இவனுக்குக் குடல் மிகவும் கட்டை, உள்ளே போனது கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிடும், தானியத்தைக் கரைத்து எடுக்கிற வசதி அதில் இல்லை, இறைச்சி ஒன்றுதான் இவனுக்கு உணவு என்றார். கஞ்சியை நிறுத்தச் சொன்னார். மோரையும் நிறுத்தச் சொன்னார். குடல் அழற்சிக்கு மருந்து தந்தார். மருந்து மட்டும் போதாது, பச்சை இறைச்சிக்கு மெதுவாக மாற்றிப் பார்ப்போம் என்றார்.

"சமைத்துத்தானே?" என்று கேட்டேன்.

"பச்சையாக," என்றார்.

கடைசியாக ஒன்று சொன்னார். அடுத்த தடவை வரும்போதும் எடை இறங்கியிருந்தால், அவனை இப்படி வேதனைப்பட வைத்திருப்பது சரியா என்று நாங்கள் பேச வேண்டியிருக்கும். அதன் அர்த்தம் எனக்கு விளங்கியது. பிள்ளை என்னை நம்பி விட்டுப் போன உயிர். அவளுக்கு என்ன சொல்வேன்?

காரில் வரும்போது கணவரிடம் கேட்டேன். "என்னப்பா செய்யிறது? வீட்டிலை மச்சம் சமைக்கிறதில்லை எண்டு நேர்ந்தனான் எல்லே."

"இப்ப ஆர் உம்மைச் சமைக்கச் சொன்னது? பச்சையாக் குடுக்கத்தானே சொல்லுறா."

"முருகனோடை வக்கீல் வேலை பாக்காதேங்கோ."

அவர் சிவப்பு விளக்கில் காரை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "சரி, முருகன்ரை மயில் என்ன சாப்பிடுது? பாம்பைக் கொத்துது. அவர் அதுக்குப் பொங்கலோ வைக்கிறவர்?"

வீட்டுக்கு வந்து விளக்கை ஏற்றிவிட்டு நின்றேன். அப்பனே, இவனை நீதான் இப்படிப் படைத்தாய், இவனுக்கு வேண்டியதை நான் கொடுக்கிறேன், என் விரதம் எனக்கு, இவன் வயிறு இவனுக்கு என்று சொன்னேன். சொல்லி முடித்ததும் மனம் லேசானது. அதைத்தான் உத்தரவு என்று எடுத்துக்கொண்டேன்.

இறைச்சி குசினிக்குள் வராது என்று முடிவு செய்தோம். உடுப்புத் தோய்க்கிற அறையில் ஒரு மேசை போட்டோம். தனிக் கத்தி, தனிப் பலகை, கராஜில் ஒரு குட்டி ஃபிரிட்ஜ். அங்கே வேலை முடிந்தால் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு எல்லாவற்றையும் கழுவி, தலை முழுகிவிட்டுத்தான் சாமி அறைக்குப் போவேன்.

தெரிந்தவர்கள் கண்ணில் படக்கூடாது என்று இறைச்சி வாங்க செவன் ஹில்ஸ் வரை போனேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றது எங்கள் கோயிலுக்கு வருகிற ஒரு பெண். கோயம்புத்தூர்ப் பக்கம்.

"ஆன்ட்டி, நீங்களா? நீங்க சுத்த சைவம்னு சொன்னாங்களே."

"ஓம் பிள்ளை, நாங்கள் சைவம்தான். வீட்டிலை ஒரு ஃபெரெட் நிக்குது, அதுக்கு."

"அதுக்குப் போயா கோழி ஈரல், கோழி இதயம்னு இவ்வளவு? எங்க வீட்டுக்காரருக்குக்கூட நான் இப்படிப் பார்த்துப் பார்த்து வாங்கினதில்ல."

"உங்கடை வீட்டுக்காரருக்குக் குடல் நல்ல நீட்டு. அவர் சமாளிப்பார்," என்றேன். கடைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவள் சிரித்தாள். எனக்கும் வெட்கம் பாதி போய்விட்டது.

பச்சை இறைச்சியைத் தொட முதலில் எனக்குக் கை வரவில்லை. கழுவி வெட்டுவது கணவரின் வேலை என்றானது. நான் வாசலில் நின்று சொல்வேன். விரதம் எடுக்க முன்பு எத்தனையோ வருடம் கோழி சமைத்தவள் நான். மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசைந்து, தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவாத கோழியைச் சட்டியில் போட்டதே கிடையாது. நோயாளிக்குக் கொடுக்கும்போது இன்னும் கவனம் வேண்டாமா?

"மஞ்சள் காணாது. இன்னும் போடுங்கோ."

"இது கோழியோ, மஞ்சள் நீராட்டு விழாவோ?" என்பார். ஆனாலும் போடுவார்.

அரைத்த கோழியைக் கிண்ணத்தில் வைத்தால் தம்பி வந்து மூக்கை நீட்டி மணந்து பார்ப்பான், தும்முவான், போய்ப் படுத்துவிடுவான். பட்டினி போடக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்ததால் பழைய உருண்டைகளை ஊறவைத்துக் கொடுத்தோம். அதன் நடுவில் துளி இறைச்சியை ஒளித்து வைத்தேன். சுற்றியுள்ளதைத் தின்றுவிட்டு அந்தத் துளியை மட்டும் கிண்ணத்துக்கு வெளியே தள்ளி வைத்தான். பல் முரசில் தடவிப் பார்த்தேன், கம்பளத்தில் வாயைத் துடைத்தான். எங்கள் கம்பளத்தில் இன்றைக்கும் மஞ்சள் கறை இருக்கிறது. வைத்தியரிடம் போகவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மகள் ஃபோனில் கேட்கும்போது, "பரவாயில்லை பிள்ளை," என்பேன். அவள் அதே கேள்வியைத் திரும்பவும் கேட்பாள். பொய் சொல்லத் தெரியாத அம்மா என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்கு மாலை கொடுத்துவிட்டு வந்தேன். தோய்க்கிற அறையில் கணவர் தரையில் சப்பாணி கொட்டி உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. தம்பி அவர் காலடியில் முன்னங்கால் இரண்டாலும் எதையோ பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி மூடி மென்றுகொண்டிருந்தான்.

"என்ன குடுத்தனீங்கள்?"

"கோழி."

"அதே கோழியோ? என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை."

"ஒண்டும் செய்யாமல் எப்பிடிச் சாப்பிடுறான்?"

"அதுதானப்பா நானும் சொல்லுறன், ஒண்டும் செய்யேல்லை. மஞ்சள் டப்பாவைக் காணேல்லை, நீர் வந்து தேடித் தரும் எண்டு வைச்சிட்டு வெட்டத் தொடங்கினன். இவன் என்ரை காலிலை ஏறி வந்து பறிச்சிட்டான்."

"கழுவேல்லையோ?"

"கழுவ விட்டால்தானே."

நானும் அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். விளங்கிவிட்டது. இந்தப் பிராணிக்கு மூக்குத்தான் கண். இன்னது உணவு என்று அதற்குச் சொல்வது மணம். நான் அந்த மணத்தைத் தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவிவிட்டு, அதன் மேல் மஞ்சளைப் பூசி, சாப்பிடு சாப்பிடு என்று கெஞ்சியிருக்கிறேன். அவனுக்கு அது இறைச்சியாகவே தெரிந்திருக்காது.

அடுத்த வேளைக்குக் கத்தியை நானே எடுத்தேன். முருகா என்று சொல்லிக்கொண்டு கோழி இதயத்தை வெட்டினேன். தலை சுற்றவில்லை. கழுவாமல், மஞ்சள் போடாமல், உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். தம்பி எடுத்துக்கொண்டு கதிரைக்குக் கீழே ஓடினான். ஓடினான். எத்தனை நாளுக்குப் பிறகு ஓடினான்.

அதன்பிறகு எல்லாம் நேர்வழியில் போனது என்று சொன்னால் பொய். சந்தோஷத்தில் ஈரலைக் கூடக் கொடுத்துவிட்டேன். திரும்பவும் தண்ணீராகப் போனது. வைத்தியரிடம் ஃபோனில் கேட்டு, ஈரலைக் கிள்ளு அளவுக்குக் குறைத்தேன். ஒரே நாளில் பழைய உணவை நிறுத்தாமல், உருண்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இறைச்சியைக் கூட்டினேன். அரைத்ததிலிருந்து சின்னத் துண்டுக்கு, துண்டிலிருந்து எலும்போடு உள்ள கோழி இறக்கை நுனிக்கு. எலும்பு பச்சையாக மட்டும்தான், அவித்த எலும்பு சிராய் சிராயாக உடைந்து குடலைக் குத்தும் என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முதல் எலும்பை அவன் கடித்தபோது தோய்க்கிற அறையிலிருந்து முறுக்குக் கடிக்கிற சத்தம் வந்தது. நானும் கணவரும் வாசலில் நின்று கச்சேரி கேட்பது போலக் கேட்டோம்.

ஒரு காலை தட்டைப் பார்த்தேன். கடும் மண்ணிறம், ஒழுங்கான உருவம், சளி இல்லை. படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். உடனே வீடியோவில் வந்தாள்.

"அம்மா, நான் மீட்டிங்கிலை இருக்கிறன். ஆர் யூ சீரியஸ்?"

"வடிவாப் பார் பிள்ளை. எவ்வளவு வடிவு."

"இட்ஸ் பெர்ஃபெக்ட், அம்மா," என்றாள். பிறகு திரையில் அவள் முகம் இல்லை, கூரை மட்டும் தெரிந்தது. அழுவதை மறைக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

வைத்தியர் அவனைத் தராசில் வைத்தபோது நான் கந்தசஷ்டிக் காப்பு கட்டியிருந்தேன், உபவாசம். வயிறு காலியாக, வாய் முருகா முருகா என்று சொல்லியபடி இருந்தது. அவர் எண்ணைப் பார்த்தார். தராசை அணைத்துப் போட்டுத் திரும்பவும் வைத்தார். பிறகு உள்ளே வேலை செய்யும் பெண்ணைக் கூப்பிட்டு, இதை வந்து பார் என்றார். எடை நன்றாக ஏறியிருந்தது. தம்பி தராசிலிருந்து குதித்து, வழுக்குகிற அந்த மேசையில் முதுகை வளைத்துப் பக்கவாட்டில் துள்ளினான். கொக்கரித்தான். வைத்தியரும் அந்தப் பெண்ணும் கைதட்டினார்கள். என்ன செய்தீர்கள் என்று கேட்டார். என் கணவர் இங்கிலீஷில் பெருமையாகச் சொன்னார், நத்திங் என்று.

அவன் இப்போது இந்தக் கொப்பியின் மேல்தான் படுத்திருக்கிறான். வயதாகிவிட்டது, மூக்கு நுனி நரைத்துவிட்டது, வயிறு மட்டும் கல்லுப் போல உறுதி. மகள் சொந்த வீடு வாங்கிக் கூப்பிட்டும் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

போன மாதம் பெயர் தெரியாத ஒரு பிள்ளை, கோயிலில் யாரோ சொன்னதைக் கேட்டு ஃபோன் எடுத்தாள். அவளுடைய ஃபெரெட்டும் வயிற்றாலே போய் மெலிகிறதாம். "அன்ரி, நீங்கள் திருநீறு பூசி மஞ்சள் கஞ்சி குடுத்துச் சுகமாக்கினனீங்களாம், எந்த அரிசி?" என்று கேட்டாள். கஞ்சியே கூடாது பிள்ளை என்றேன். முருகன் அருள் இல்லாமல் தம்பி பிழைக்கவில்லை, அதை எங்கேயும் சொல்வேன். ஆனால் அந்த அருள் வந்தது கழுவாத கோழியில். அவளை உடனே வைத்தியரிடம் போகச் சொன்னேன்.

ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பிராணி வளர்க்கிற யாருக்காவது இதைச் சொல்லுங்கள், ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். கஞ்சி கொடுத்து நான் பிழை செய்ததை விட்டுவிடாதீர்கள். என் மரியாதைக்காக மஞ்சளைச் சேர்க்காதீர்கள். வைத்தியரை விட்டுவிட்டு என்னைப் பெரிதாக்காதீர்கள். ஒரு சொல் மாறினாலும், அதை நம்பி யாரோ ஒரு சின்ன உயிருக்குக் கிண்ணம் வைப்பார்கள்.