அகிலாண்டம் எல்லோருக்கும் அனுப்பிய செய்தி

மும்பை மாட்டுங்காவில் பிறந்து செம்பூரில் குடியிருக்கும் அகிலாண்டத்துக்கு நெட்வேர் என்றால் உயிர். வீடுகளுக்கு இன்டர்நெட் வருவதற்கு முன்னால், ஆபீஸ் கம்ப்யூட்டர்களை ஒரே கேபிளில் கோத்து, ஃபைலையும் பிரிண்டரையும் பங்கு போட்டுக்கொள்ள வைத்த மென்பொருள் அது. ஃபோர்ட் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் அதைக் கட்டி மேய்ப்பதுதான் அவளுக்கு வேலை. பெண் பார்க்க வந்தவரிடமும் அதைப் பற்றியே பேசினாள். அவர் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். அதில் அவளுக்கு வருத்தமில்லை. பிரிண்டர் விஷயத்தைச் சொல்லி முடிக்க விடவில்லையே என்றுதான் குறை.

காலப்போக்கில் ஆபீஸ்கள் எல்லாம் வேறு மென்பொருளுக்கு மாறிவிட்டன. மிஞ்சியது, தாராவியில் ஜெயினுலாப்தீன் பாயின் தோல் பைப் பட்டறை. தொண்ணூறுகளில் அவள் போட்டுக் கொடுத்த நெட்வொர்க் அங்கே இன்னும் ஓடுகிறது. ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒரு முறை போய், மாடியில் இருக்கும் சர்வரைத் தூசு தட்டிவிட்டு வருவாள்.

போன மாதம் அப்படிப் போயிருந்தபோது, பெரிய ஆர்டர் கொடுக்கும் யோசனையோடு வாஷியிலிருந்து சுந்தரராமன் என்ற வியாபாரி வந்திருந்தார். பாய் அவருக்குப் பட்டறையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து எட்டிப் பார்த்த அகிலாண்டத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாயின் பேன்ட் ஜிப் ஆவென்று திறந்து கிடந்தது.

நேரில் சொல்ல வாய் வராது. ஆனால் கீழே கணக்குக் கம்ப்யூட்டரில் பாயின் மகள் ஃபர்ஸானா உட்கார்ந்திருந்தாள். நெட்வேரில் ஒருவருக்கு ஒரு வரிச் செய்தி அனுப்பலாம். அகிலாண்டம் நாசூக்காக, ஆள் பெயர் போடாமல், “ஜிப் ஓப்பன். க்ளோஸ் அட் ஒன்ஸ்” என்று ஆங்கிலத்தில் தட்டினாள். யாருக்கு என்ற இடத்தில் ஃபர்ஸானாவின் பெயரைப் போட வேண்டும். ஆனால், ‘சர்வரை நிறுத்தப் போகிறேன்’ என்று காலமெல்லாம் ஆபீஸ் முழுக்க அனுப்பிப் பழகிய விரல்கள், அவளைக் கேட்காமலே ‘எல்லோருக்கும்’ என்று அடித்துவிட்டன.

வெட்டுமிடம், தையல், பேக்கிங் என்று எல்லாக் கம்ப்யூட்டரும் கீச்சிட்டு, செய்தியைக் காட்டி அப்படியே நின்றன. இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கும்வரை அவை நகராது.

பேக்கிங் பார்க்கும் கணேசபாண்டியன் அதை முதலாளி உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

“எல, பெட்டிய எல்லாம் பிரிங்கல. எந்தப் பையிலயோ ஜிப்பு தொறந்து கெடக்காம்.”

ஒட்டி வைத்த அட்டைப்பெட்டிகள் கிழிந்தன. பட்டறை முழுக்கச் சர்ர், சர்ர் என்று ஜிப் சத்தம்.

“என்ன பாய் நடக்கறது?” என்றார் சுந்தரராமன்.

பாய்க்கும் தெரியாது. ஆனால் வியாபாரியல்லவா.

“நம்ம சிஸ்டம் சார். ஒரு ஜிப்பு தொறந்திருந்தாலும் கம்ப்யூட்டரே சொல்லிரும். இந்தப் பட்டறையில தொறந்த ஜிப்ப நீங்க பாக்கவே முடியாது” என்று இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நின்றார்.

சுந்தரராமன் பைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த சிஸ்டத்தைப் போட்டவரைப் பார்க்க வேண்டும் என்றார். அகிலாண்டம் விட்டத்தைப் பார்த்தபடியே படியிறங்கி வந்தாள்.

“கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியறது மேடம்?”

“அதுக்குத் தெரியாது. நான்தான் மாடிலேர்ந்து பார்த்தேன்.”

“எந்தப் பையை?”

“பையைப் பாக்கலை” என்றாள் அகிலாண்டம்.

ஃபர்ஸானாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பயணப்பை ஒன்றை எடுத்து வந்து பாயின் வயிற்றோடு சேர்த்து வைத்தாள். “வாப்பா, இதப் புடிச்சுக்கிட்டு உள்ள போங்க. ஜல்தி.”

குனிந்து பார்த்த பாய், பையை அணைத்தபடி பின்பக்கமாகவே நடந்து உள்ளே மறைந்தார்.

சுந்தரராமன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “ஆர்டர் உங்களுக்குத்தான். என் கண்ணெதிர்லயே எல்லா ஜிப்பையும் இழுத்துப் பாத்தாச்சே. அது சரி, இது என்ன சாஃப்ட்வேர்?”

இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் தானாக அதைக் கேட்டதில்லை. அகிலாண்டம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கேபிளில் ஆரம்பித்தாள். டீ வந்து ஆறிப்போனது. அவள் நிறுத்தவில்லை.

“செய்தியிலே நான் ஆள் பேரே போடலை. படிக்கறவா எல்லாரும் தனக்குத்தான்னு நினைச்சுக்கலாம்” என்று அவள் சொன்னபோது, சுந்தரராமன் மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பித் தன் பேன்ட்டை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.